சொந்தப் படகில் ஒரு கால்வாய்ப் பயணம்

நம் நாட்டு ஊர்ப் பெயர்கள் சிலவற்றை நினைத்துப் பாருங்கள். குவாலா கங்சார், குவாலா லிப்பிஸ், உலு சிலாங்கூர், ஈலிர் பேராக். குவாலா என்பது ஓர் ஆறு இன்னோர் ஆற்றிலோ கடலிலோ சேரும் இடம். உலு என்றால் ஆற்றின் தலைப்பக்கம். ஈலிர் என்றால் அதன் கால்பக்கம். தண்டவாளமும் தார்ச்சாலையும் வருவதற்கு முன்னர் இங்கே ஆறுதான் பாதை. ஆகவே ஊருக்கு அடையாளம் சொல்லும்போதும் ஆற்றை வைத்தே சொன்னார்கள்.

ஆறு இல்லாத இடத்தில் என்ன செய்வது? இங்கிலாந்து மக்கள் மண்ணை வெட்டி ஆறு செய்துகொண்டார்கள். இங்கிலாந்திலும் வேல்சிலுமாக ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழி இன்றும் ஒரே பொறுப்பின் கீழ்ப் பராமரிக்கப்பட்டு வருகிறது. ஒரு காலத்தில் அதில் நிலக்கரியும் இரும்பும் பீங்கானும் போயின. இன்று போகிறவை பெரும்பாலும் தனியாரின் சொந்தப் படகுகள். அப்படி ஒரு படகில் ஏறி நாமும் சிறிது தூரம் போய் வருவோம். வழியில் நம்மைப் போன்ற சிலரையும் சந்திப்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அந்நாட்டுச் சாலைகள் மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. நிலக்கரியை மூட்டையாகக் கட்டிக் குதிரை முதுகில் ஏற்றினார்கள். ஒரு குதிரை சுமப்பது நூறு, நூற்றைம்பது கிலோ. அதே குதிரையைக் கரையில் நடக்கவிட்டு, கயிற்றின் மறுமுனையில் ஒரு படகைக் கட்டினால் 25 டன் சரக்கை அலுங்காமல் இழுத்துப் போகும். பிரிட்ஜ்வாட்டர் கோமகன் என்ற சுரங்க முதலாளிக்கு இந்தக் கணக்கு பிடித்துப் போயிற்று. வொர்ஸ்லி என்னும் இடத்திலிருந்த தம் சுரங்கத்திலிருந்து மான்செஸ்டர் நகரை நோக்கி அவர் வெட்டுவித்த கால்வாய் 1761இல் திறக்கப்பட்டது. நகரத்தில் கரியின் விலை பாதியாக இறங்கிற்று. அதைக் கண்ட மற்ற முதலாளிகள் சும்மா இருப்பார்களா? அடுத்த 70 ஆண்டுகளில் நாடெங்கும் கால்வாய்கள் கிளை பரப்பிவிட்டன.

அந்த முதற் கால்வாய்க்கு வழி சொன்னவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. ஆலைகளுக்கு எந்திரம் பொருத்திக் கொடுத்து வந்த தொழிலாளி. எழுத்தும் படிப்பும் அவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். சிக்கலான கணக்கு ஏதும் வந்துவிட்டால், படுக்கையில் போய்ப் படுத்துக்கொண்டு மனத்துக்குள்ளேயே போட்டு முடித்த பிறகுதான் எழுந்து வருவாராம். வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்க வேண்டுமே! அதற்காகக் களிமண்ணை நீர்விட்டுக் குழைத்து, மிதித்து மிதித்து அடியில் பூசினார்கள். சில இடங்களில் மாடுகளை ஓட்டி மிதிக்கச் செய்ததும் உண்டு. சேற்று வயலில் நின்ற நம் பாட்டன்மாருக்கு அந்த வேலை புதிதாகத் தோன்றியிருக்காது. மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டி இவ்வளவே கருவிகள். வெட்டிய கூலிகளுக்கு 'நேவி' என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அவர்களே ரயில் பாதைக்கும் மண் வெட்டப் போனார்கள். மலாயாவில் தண்டவாளத்துக்குக் காட்டை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் பலர். அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, கால்வாய் சமதரையில் கிடக்கும். நடுவே மேடு வந்தால் படகு ஏறுமா? ஏறும். இந்தப் பயணத்தில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கடலோரச் செம்பனைத் தோட்டங்களில் இருப்பவர்கள் நீர்க்கதவைப் பார்த்திருப்பீர்கள். கடல் பொங்கும்போது மூடிக்கொண்டு, வற்றும்போது தோட்டத்து நீரை வெளியே விடும் கதவு அது. அத்தகைய கதவு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று; இடையில் ஒரு படகு மட்டும் நிற்கும் அளவுக்குக் கல்லால் கட்டிய ஆழமான தொட்டி. ஆங்கிலத்தில் இதை 'லாக்' என்கிறார்கள். நாம் நீர்ப்படி என்று சொல்லிக்கொள்வோம். இதை முதலில் கண்டவர்கள் ஐரோப்பியர் அல்லர். சீனாவின் பெருங்கால்வாயில் 984ஆம் ஆண்டிலேயே இத்தகைய இரட்டைக் கதவுத் தொட்டி கட்டப்பட்டுவிட்டது.

மேட்டில் ஏற வேண்டிய படகு கீழ்க்கதவு வழியாகத் தொட்டிக்குள் நுழைகிறது. படகுக்காரர் கரையில் குதித்துக் கதவை மூடுகிறார். பிறகு மேல்பக்கத்தில் உள்ள சிறு மதகை, வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றைப் போட்டுச் சுற்றித் திறக்கிறார். மேல்நீர் தொட்டிக்குள் பாய்கிறது. படகு மெல்ல மெல்ல எழும்புகிறது. உள்நீரும் வெளிநீரும் ஒரே மட்டத்துக்கு வந்ததும், கதவோடு பிணைத்த நீண்ட மரத்துலாவில் முதுகைக் கொடுத்துத் தள்ளினால் கதவு திறந்துகொள்ளும். மட்டம் சற்றுக் குறைந்திருந்தாலும் கதவு எளிதில் அசையாது. எண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை. கீழ்க்கதவுகள் இரண்டும் கூப்பிய கைகள் போல மேல்நீரை நோக்கிச் சேர்ந்திருப்பதால், நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுகி நிற்கும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் கட்டிய தொட்டிகள் பல இன்றும் இப்படியே வேலை செய்கின்றன.

ஒரு முறை படி ஏற ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் கீழே போய்விடும். அதனால் மேட்டுப்பகுதிகளில் கால்வாய்க்கென்றே நீர்த்தேக்கங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். அதனாலேயே படகுக்காரர்களிடையே ஒரு மரியாதையும் உண்டு. எதிரே ஒரு படகு வருகிறது, தொட்டி அதற்கு ஏற்ற மட்டத்தில் இருக்கிறது என்றால், அவசரப்படாமல் ஒதுங்கி நின்று அதை முதலில் விடுவார்கள். நிரம்பிய தொட்டியை வெறுமனே காலி செய்வது அவர்கள் பார்வையில் அநாகரிகம். இறங்கும்போது மட்டும் ஒன்றில் மிகக் கவனம் வேண்டும். மேல்கதவுக்கு அடியில் கல்மேடை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். படகின் பின்பகுதி அதன்மேல் நின்றுவிட்டால், தண்ணீர் இறங்க இறங்கப் படகு தலைகீழாய்ச் சாய்ந்து மூழ்கிப்போகும். அந்த மேடை எங்கே முடிகிறது என்று தொட்டிச் சுவரில் வெள்ளைக்கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கோட்டைப் பார்க்காமல் பேச்சில் இருந்தவர்களின் படகுகள் இன்றும் அவ்வப்போது மூழ்குகின்றன.

டிவைசிஸ் நகரத்தருகே கேன் குன்றில் இப்படி 29 நீர்ப்படிகள். இரண்டு மைல் தூரத்தில் 237 அடி ஏற்றம். அதை ஏறி முடிக்க ஒரு பகல் ஏறக்குறையச் சரியாகிவிடும்.

தண்ணீரையும் செலவையும் மிச்சப்படுத்துவதற்காக நடு இங்கிலாந்தின் தொட்டிகளை ஒடுக்கமாகக் கட்டினார்கள். அதற்கு ஏற்பப் படகும் ஒடுங்கிற்று. ஏழடி அகலம், எழுபதடி நீளம். இந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இதற்குள்தான் குடும்பங்கள் வாழ்ந்தன.

தொடக்கத்தில் படகோட்டிகளுக்குக் கரையில் வீடு இருந்தது. 1830களுக்குப் பிறகு ரயில் வந்து சரக்கைப் பிடுங்கிக்கொள்ள, கால்வாய்க் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்தன. படகோட்டியின் வருமானமும் குறைந்தது. வீட்டு வாடகை கொடுக்க வழியில்லை. உதவிக்கு ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். மனைவி மக்கள் என்றால் கூலி வேண்டாம். எனவே குடும்பமே படகில் குடியேறிற்று. எழுபதடியில் சரக்குக்குப் போக மிஞ்சியது பத்தடி கூட இல்லாத ஒரு சிற்றறை. அதிலேயே கரி அடுப்பு, மடக்குப் பலகை, இரவில் விரித்துப் போடும் கட்டில். பிள்ளைப்பேறும் அங்கேதான், நோயும் அங்கேதான். நம் லயத்து வீடுகளைக் குறை சொல்லி நாம் பேசியதெல்லாம் நினைவுக்கு வருகிறது. அந்த அறைக்கு லயம் ஒரு மாளிகை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் சொன்னது வேறு. பித்தளையெல்லாம் பளபளக்கும். கதவிலும் தண்ணீர்க் குடத்திலும் ரோஜாப் பூக்களும் கோட்டைகளுமாகச் சித்திரம் தீட்டியிருப்பார்கள். அந்தச் சித்திர முறை இன்றும் கால்வாய்ப் படகுகளின் அடையாளம்.

இயந்திரம் வந்த பிறகு ஒரு படகில் கணவன், அது இழுத்துவரும் இன்னொரு படகில் மனைவி என்று இரண்டையும் ஒரே குடும்பம் ஓட்டிற்று. ஆயாக் கொட்டகை எங்கே இருக்கும் அங்கே? தாய் ஒரு கையால் சுக்கான் கட்டையைப் பிடித்துக்கொண்டே மறுகையால் கிழங்கு உரிப்பாள். நடக்கத் தொடங்கிய குழந்தை நீரில் விழுந்துவிடாமல் இருக்க, கூரைமேல் கயிற்றால் கட்டி வைப்பார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளை கரையில் குதிரையோடு நடக்கும். நீர்ப்படிகளில் கதவைத் தள்ளும்.

அந்தப் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆயிற்று? இதைக் கேட்டு நாடெங்கும் அலைந்தவர் கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித். சிறு வயதில் செங்கல் சூளையில் களிமண் சுமந்தவர். முதலில் சூளைப் பிள்ளைகளுக்காகப் போராடினார். பிறகு படகுப் பிள்ளைகளுக்காக. அவர் முயற்சியால் 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. 1884இல் அது திருத்தப்பட்டது. படகுகளைப் பதிவு செய்ய வேண்டும், இத்தனை பேருக்கு மேல் ஒரு படகில் தங்கக்கூடாது, பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். படகு எந்த ஊரில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஊர்ப் பள்ளியே அதன் பிள்ளைகளுக்குரிய பள்ளி என்று சட்டம் வைத்தது. படகோ அந்த ஊரில் நிற்பதே இல்லை! சரக்கு இறக்கும் இடத்தில் ஒரு நாள், ஏற்றும் இடத்தில் ஒரு நாள் என்று துண்டு துண்டாகப் பள்ளியில் உட்கார்ந்த பிள்ளை எதைப் படிக்கும்? 1930இல் லண்டனுக்கு மேற்கே வெஸ்ட் டிரேட்டனில் ஒரு பழைய படகையே வகுப்பறையாக்கிக் கரையோரம் நிறுத்தினார்கள். நல்ல ஏற்பாடுதான். எனினும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் கையெழுத்துப் போடத் தெரியாத படகோட்டிகள் நிறைய இருந்தார்கள். ஆனால் நூறு மைல் கால்வாயில் எந்த வளைவில் எவ்வளவு ஆழம் என்று அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

நோய் என்றால் ஸ்டோக் புரூன் என்ற கால்வாயோரச் சிற்றூரில் சிஸ்டர் மேரி வார்டு என்ற அம்மையார் இருந்தார். படகு போகும் வழியிலேயே காயத்துக்குக் கட்டுப்போட்டு, பிள்ளைகளைப் பார்த்து அனுப்புவார். 1962இல் ஓய்வு பெறும்வரை படகுக்காரர்கள் அவரைத் தங்கள் குடும்பத்தில் ஒருவராகவே எண்ணினார்கள்.

முடிவு மெதுவாக வந்தது. ரயில் பாதி சரக்கை எடுத்துக்கொண்டிருந்தது. மீதியை லோரி எடுத்துக்கொண்டது. 1948இல் கால்வாய்கள் அரசுடைமையாயின. 1962 டிசம்பரில் தொடங்கிய கடுங்குளிரில் கால்வாய் நீர் உறைந்து, படகுகள் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றன. படகோட்டிக்கு நடை இல்லையேல் கூலி இல்லை. குளிர் விட்டதும் வாடிக்கைக்காரர்கள் பலர் திரும்பி வரவில்லை. 1963இல் அரசு வாரியம் ஒடுங்கிய படகுகளில் சரக்கேற்றுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. லண்டன் பக்கத்தில் ஜாம் செய்யும் ஆலை ஒன்றுக்குக் கரி கொண்டுபோன ஒப்பந்தம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. 1970 அக்டோபரில் அதுவும் நின்றது.

படகு பெரும்பாலும் கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனதோடு வீடும் போயிற்று. தோட்டம் துண்டாடப்பட்டபோது பெரட்டுக் களத்திலிருந்தும் லயத்திலிருந்தும் ஒரே மாதத்தில் வெளியேறிய குடும்பங்களை அறிந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. சிலர் கால்வாய்ப் பராமரிப்பு வேலைக்குப் போனார்கள். பலர் ஆலைகளுக்குப் போய், ஆடாத தரையில் தூங்கப் பழகினார்கள்.

அப்போது கால்வாயே மண்மூடிப் போயிருக்க வேண்டும். அதைப் பிழைக்க வைத்தது சொந்தப் படகு. ரோல்ட் என்ற பொறியாளர் 1939இல் கிரெசி என்னும் பழைய மரப்படகை வீடாக்கிக்கொண்டு மனைவியுடன் புறப்பட்டார். கண்டதை ஒரு புத்தகமாக 1944இல் வெளியிட்டார். அதைப் படித்தவர்கள் சிலர் அவருடன் சேர்ந்து 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்டிராட்ஃபர்டு கால்வாயின் குறுக்கே, தூக்கித் திறக்க வேண்டிய பாலம் ஒன்றை அசையாதபடி தாழ்வாகப் பொருத்தி வைத்திருந்தார்கள். கால்வாய் வெட்டியபோது இயற்றிய சட்டமோ, படகு போகும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு என்கிறது. முன்கூட்டிச் சொன்னால் பாலத்தைத் தூக்கிக் கொடுப்போம் என்று பிரபுக்கள் சபையில் பதில் வந்தது. யார் வரப்போகிறார்கள் என்ற எண்ணம் போலும். 1947 மே மாதத்தில் ரோல்ட் சொல்லிவிட்டு வந்து நின்றார். ரயில்வே ஆட்கள் வேறு வழியின்றிப் பாலத்தை நெம்பித் தூக்கினார்கள். சேற்றில் உரசிக்கொண்டே கிரெசி கடந்துபோயிற்று. அவரைப் பார்த்து மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள்.

அதே கால்வாயின் தென்பகுதியில் இன்னொன்று. 1958இல் அதை ஒரேயடியாகக் கைவிட அனுமதி வேண்டும் என்று உள்ளூர் நிர்வாகம் கேட்டது. மூன்றாண்டுகளாக ஒருவரும் பயன்படுத்தவில்லை என்பது வாதம். எதிர்ப்பாளர்கள் ஒரு சிறு துடுப்புப் படகுக்காகப் பணம் கட்டி வாங்கிய, தேதி போட்ட சீட்டைக் காட்டினார்கள். வாதம் அதோடு படுத்தது. பின்னர்த் தொண்டர்களும் படைவீரர்களும் சிறைக் கைதிகளுமாகச் சேர்ந்து சேற்றை வாரினார்கள். கதவுகளைப் புதிதாகப் பொருத்தினார்கள். 1964இல் 13 மைல் கால்வாய் மீண்டும் திறந்தது. ஒரு துண்டுச் சீட்டுக்கு இவ்வளவு வலிமை!

1968ஆம் ஆண்டுச் சட்டம் உல்லாசப் பயணத்துக்கென்றே சில கால்வாய்களைப் பராமரிக்க வழி செய்தது. 2012 முதல் அறநிறுவனம் ஒன்று இவற்றைக் கவனித்து வருகிறது. இன்று அவ்வழிகளில் உரிமம் பெற்ற படகுகள் முப்பதாயிரத்துக்கு மேல்.

ஓட்டுவதற்கு அங்கே பரீட்சை எழுத வேண்டியதில்லை. படகுக்கு உரிமம், காப்புறுதி, பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தால் போதும். மணிக்கு நான்கு மைல்தான் உச்ச வேகம். அதற்கு மேல் போனால் அலை கரையை அரிக்கும். கட்டி நிற்கும் படகுகளை ஆட்டி அடுப்பிலிருக்கும் பாத்திரத்தைக் கவிழ்க்கும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். சுக்கான் கட்டையை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். புதியவர்கள் முதல் ஒரு மணி நேரம் கரைக்குக் கரை முட்டிக்கொண்டுதான் போவார்கள். லண்டனிலிருந்து பர்மிங்காம் 137 மைல், 166 நீர்ப்படிகள். நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் ஓட்டினாலும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். ரயிலில் ஒன்றரை மணி நேரம். வேல்சில் 1805இல் டெல்ஃபர்டு கட்டிய நீர்ப்பாலத்தில் படகு 126 அடி உயரத்தில், இரும்புத் தொட்டியில் ஒரு பள்ளத்தாக்கைக் கடக்கிறது. நடைபாதைப் பக்கம் கைப்பிடி உண்டு. மறுபக்கம் கைப்பிடியும் இல்லை. சுக்கான் பிடித்து நிற்பவர் குனிந்து பார்த்தால் கீழே ஆறும் மரங்களின் தலையும்!

உல்லாசத்துக்காக மட்டும் எல்லாரும் படகு வாங்குவதில்லை. லண்டன் போன்ற நகரங்களில் வீட்டு வாடகை ஏறிப்போனதால், படகையே வீடாக்கிக்கொண்ட இளம் குடும்பங்கள் பல. சொந்தமாக நிறுத்துமிடம் வாங்க முடியாதவர்கள் நடமாடிக்கொண்டே இருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓரிடத்தில் பொதுவாகப் பதினான்கு நாளுக்கு மேல் தங்கக்கூடாது. அதே இரண்டு மூன்று இடங்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவதும் ஆகாது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள பெற்றோர் இதனால்தான் நிர்வாகத்திடம் முறையிட்டு வருகிறார்கள். இந்த இரண்டு வாரம் பள்ளிக்கு நடந்து போகலாம். அடுத்த இரண்டு வாரம் பேருந்து. அதற்கடுத்த இடத்தில் பேருந்தும் இல்லை. ஆகவே பள்ளித் தவணை தொடங்குமுன் அவர்கள் கால்வாய் வரைபடத்தை விரித்துவைத்து, எந்த வாரம் எந்தப் பாலத்தருகே படகைக் கட்டுவது, அங்கிருந்து காலை எத்தனை மணிக்குப் பிள்ளையைக் கிளப்புவது என்று கணக்குப் போடுகிறார்கள்.